எஸ்எஃப்டிபி சர்வரில் வரிசை மாறி வரும் ரைட்டுகள்: எங்கே பிடித்து வைப்பது, எப்போது கைவிடுவது

கேள்வி இதுதான். சேலம் அஸ்தம்பட்டியில் உள்ள ஒரு வீடியோ ஸ்டுடியோவுக்காக, கேட்டவர் கோ என்ற நிரல் மொழியில் ஒரு எஸ்எஃப்டிபி சர்வர் (நெட்வொர்க் வழியே ஃபைல்களைப் பாதுகாப்பாக வாங்கிக்கொள்ளும் நிரல்) எழுதியிருக்கிறார். ஏற்காட்டில் கல்யாண ஷூட்டிங் முடிக்கும் குழு, கீழே இறங்குவதற்கு முன்பே விடுதியிலிருந்து ஃபைல்களை அனுப்பிவிடுகிறது. சர்வர் அவற்றை டிஸ்க்கில் வைக்காமல் நேராக எஸ்3 வகை ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கு (ஃபைல்களைச் சேமிக்கும் கிளவுட் கிடங்கு) தள்ளுகிறது. பெரும்பாலானவை நன்றாக வந்து சேர்கின்றன. சில ஃபைல்களில் மட்டும் அளவு ஒரு பைட் கூடப் பிசகாமல் பொருந்துகிறது, ஷா-256 ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) பொருந்தவில்லை. ஓட்டிப் பார்த்தால் நடுவில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. "டிசிபி வரிசையாகத்தானே கொடுக்கும், அப்புறம் எப்படிக் கலையும்? எல்லாவற்றையும் மெமரியில் பிடித்து வைத்து வரிசைப்படுத்தினால் போதுமா? எவ்வளவு மெமரி வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார்.

நேர் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். வரிசைப்படுத்துவது சின்ன வேலை, ஐம்பது வரி கோடில் முடிந்துவிடும். நடுவில் ஒரு துண்டு வராமல் நின்றால் என்ன செய்வது என்பதுதான் பெரிய வேலை. அதற்கு விடை வைத்துக்கொள்ளாமல் பஃபர் (தற்காலிகமாகப் பிடித்து வைக்கும் இடம்) எழுதினால், இன்று ஹேஷ் தப்புவது நின்று, நாளை சர்வர் தொங்க ஆரம்பிக்கும். இன்னொன்று, உங்கள் அமைப்பில் முழு ஃபைலையும் வரிசைப்படுத்தத் தேவையே இல்லாமல் போகலாம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், யார் கலைக்கிறார்கள் என்று பார்க்கலாம். இணையத்தில் பைட்டுகளைக் கொண்டுசேர்க்கும் நெறிமுறையான டிசிபி மேல் பழி போட முடியாது. அது ஒரே இணைப்புக்குள் பைட்டுகளை அனுப்பிய வரிசையில்தான் கொடுக்கும். 1981-இல் வந்த, டிசிபியை வரையறுத்த ஆர்எஃப்சி 793 ஆவணத்தின் காலத்திலிருந்து அதன் அடிப்படை வாக்குறுதியே அதுதான். அதற்கு மேல், இணைப்பைக் குறியாக்கம் செய்யும் எஸ்எஸ்எச், அதற்கு மேல் எஸ்எஃப்டிபி. எஸ்எஃப்டிபியின் ஒவ்வொரு ரைட் கோரிக்கையும் "இந்த ஃபைலில், இந்த ஆஃப்செட்டிலிருந்து, இந்த பைட்டுகளை எழுது" என்று தன்னளவில் முழுமையாக வருகிறது. ஆஃப்செட் என்பது ஃபைலின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட் என்ற எண். கிளையன்ட் ஒவ்வொன்றுக்கும் பதில் வரும்வரை காத்திருப்பதில்லை. ஓப்பன்எஸ்எஸ்எச்சின் எஸ்எஃப்டிபி கிளையன்ட் வழக்கமாக 32,768 பைட் கொண்ட கோரிக்கைகளை, பதில் வராத நிலையில் 64 வரை வரிசையாக அனுப்பி வைக்கும். அப்படிச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். போய்வர 40 மில்லிசெகண்ட் ஆகும் இணைப்பில் ஒவ்வொன்றாகக் காத்திருந்து அனுப்பினால், நொடிக்கு 25 கோரிக்கைகள், அதாவது 800 கேபி. அதற்கு மேல் போகவே முடியாது, லைன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும். 64 கோரிக்கைகளை மிதக்கவிட்டால் அதே இணைப்பில் நொடிக்கு 50 எம்பி வரை இடம் கிடைக்கிறது. ஆகவே "கிளையன்டை ஒவ்வொன்றாக அனுப்பச் சொல்லலாமே" என்ற யோசனையை விட்டுவிடுங்கள்.

கலைவது உங்கள் சர்வருக்குள்தான். கோ மொழியில் பரவலாகப் பயன்படும் எஸ்எஃப்டிபி லைப்ரரி, வந்த ரீட், ரைட் கோரிக்கைகளை, ஒரே நேரத்தில் இயங்கும் 8 வொர்க்கர்களிடம் பிரித்துக் கொடுக்கிறது. எட்டுப் பேரும், கொடுத்த ஆஃப்செட்டில் எழுதும் உங்கள் ரைட்-அட் ஃபங்ஷனை ஒரே நேரத்தில் அழைப்பார்கள். மூன்றாவது கோரிக்கையை எடுத்த வொர்க்கர் இரண்டாவதை எடுத்தவரை முந்திக்கொண்டு வருவதைத் தடுக்க எதுவும் இல்லை. லைப்ரரியைக் குறை சொல்ல முடியாது. நெறிமுறையின் வரைவே, ஒரே ஃபைலுக்கு வரும் ரைட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படியாத வரைக்கும் அவற்றை இணையாகச் செய்யலாம், படிந்தால் மட்டும் வரிசை மாறக் கூடாது என்கிறது. அடியில் டிஸ்க் ஃபைல் இருந்தால் இதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஒவ்வொரு துண்டும் தன் ஆஃப்செட்டில் போய் உட்கார்ந்துவிடும். நீங்கள் அடியில் வைத்திருப்பது ஸ்ட்ரீம். அது நம்மூர் தறி மாதிரி: பத்தாவது ஊடை இழையை அடித்து முடித்த பிறகு, விட்டுப்போன ஒன்பதாவதை உள்ளே செருக முடியாது.

சேலத்தில் சோதித்தபோது சரியாக இருந்தது, ஏற்காட்டிலிருந்து வந்தால்தான் கெடுகிறது என்று சொல்லியிருக்கிறீர்கள். இதற்குக் காரணம் இருக்கிறது, அது எனக்கு மிகவும் பிடித்த பகுதியும்கூட. 10 எம்பிபிஎஸ் வேகத்தில் சீராக வரும் லைனில் ஒரு 32 கேபி கோரிக்கை வந்து சேர 26 மில்லிசெகண்ட் ஆகிறது. அடுத்தது வருவதற்குள் முதல் வொர்க்கர் வேலையை முடித்துவிட்டுச் சும்மா இருப்பார். போட்டியே இல்லை, அதனால் கலைவதும் இல்லை. மலையில் செல்போன் சிக்னல் விட்டு விட்டு வரும்போது கதை வேறு. ஒரு பாக்கெட் தொலைகிறது. அதற்குப் பின்னால் வந்த பாக்கெட்டுகளையெல்லாம் டிசிபி தன் பஃபரில் பிடித்து வைத்துக்கொள்கிறது, தொலைந்தது மறுபடி வரும்வரை மேலே ஒரு பைட் கூடத் தருவதில்லை. தொலைந்தது வந்ததும் மொத்தத்தையும் ஒரே வீச்சில் அவிழ்த்துவிடுகிறது. இப்போது இருபது முப்பது கோரிக்கைகள் ஒன்றாகக் கதவைத் தட்டுகின்றன, எட்டு வொர்க்கர்களும் ஒரே கணத்தில் எழுகிறார்கள், அங்கேதான் முந்துதல் நடக்கிறது. டிசிபி வரிசையைக் காப்பாற்றச் செய்யும் அதே வேலைதான் மேல்தளத்தில் வரிசை கலைய வாய்ப்பை உண்டாக்குகிறது. உங்கள் ஆபீஸ் லைனில் இதைப் பார்க்க முடியாததும் இதனால்தான்.

மெமரியில் பிடித்து வைக்கும் பஃபரை எப்படி எழுதுவது என்று பார்ப்போம். உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு எண்: பூஜ்யத்திலிருந்து இதுவரை ஓட்டையில்லாமல் வந்து சேர்ந்த எல்லை. அதைத் தொடர் எல்லை என்று வைத்துக்கொள்வோம். வரும் ரைட்டின் ஆஃப்செட் இந்த எல்லைக்குச் சமமா, நேராக ஸ்ட்ரீமில் எழுதுங்கள், எல்லையை நகர்த்துங்கள், பிடித்து வைத்தவற்றில் இப்போது பொருந்துவது உண்டா என்று பார்த்து, உள்ளவரை எழுதிக்கொண்டே போங்கள். ஆஃப்செட் எல்லைக்கு அப்பால் இருந்தால் பிடித்து வையுங்கள். எல்லைக்குப் பின்னால் இருந்தால், அது தனிப் பிரச்சினை, கீழே சொல்கிறேன். பிடித்து வைக்க ஆஃப்செட்டைச் சாவியாகக் கொண்ட ஒரு மேப் போதும். ஹீப் வைத்தாலும் சரி. இந்த அளவுக்கு எது வேகம் என்று யோசிப்பது நேர விரயம். துண்டுகள் எல்லாம் 32 கேபியாகத்தான் வரும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். கிளையன்டைப் பொறுத்து அளவு மாறும், கடைசித் துண்டு எப்படியும் சின்னதாகத்தான் இருக்கும்.

இங்கே ஒரு இடத்தில் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் உங்கள் கோடில் உள்ள உண்மையான பிழை இதுவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ரைட்-அட் ஃபங்ஷனுக்கு வரும் பைட் ஸ்லைஸை (பைட்டுகள் இருக்கும் நினைவகத்தைச் சுட்டிக்காட்டும் குறிப்பு) நீங்கள் அப்படியே மேப்பில் போட்டு வைத்தால், அது உங்கள் சொத்து ஆகிவிடாது. கோ மொழியின் ஆவணமே தெளிவாகச் சொல்கிறது, இந்த ஃபங்ஷனை எழுதுபவர் அந்த ஸ்லைஸைத் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று. நினைவகத்தை மறுபடி மறுபடி பயன்படுத்தும் லைப்ரரியின் அலோகேட்டர் வசதியை இயக்கியிருந்தால், நீங்கள் பதில் கொடுத்ததும் அதே நினைவகம் அடுத்த பாக்கெட்டுக்குப் போய்விடும். நீங்கள் பிடித்து வைத்திருப்பதாக நினைக்கும் துண்டின் மேல் வேறொரு துண்டின் பைட்டுகள் ஏறி உட்கார்ந்துவிடும். நீளம் சரி, எண்ணிக்கை சரி, மொத்த அளவு சரி. உள்ளடக்கம் மட்டும் தப்பு. நீங்கள் சொன்ன அறிகுறி அப்படியே இதுதான். பிடித்து வைக்கும் பாதையில் மட்டும் புது ஸ்லைஸ் எடுத்து நகல் போடுங்கள். நேராக எழுதும் பாதையில் நகல் தேவையில்லை, அதனால் செலவும் குறைவு.

இது பிழையா, இல்லை நிஜமாகவே வரிசை மாறியதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன், நான் எப்போதும் இதைத்தான் செய்வேன். வீடியோ ஃபைலை வைத்துச் சோதிக்காதீர்கள், அதில் கெட்ட இடத்தைப் பார்த்தாலும் ஒன்றும் புரியாது. ஒவ்வொரு 8 பைட்டிலும் அந்த இடத்தின் ஆஃப்செட்டையே எண்ணாக எழுதிய ஒரு ஃபைலை உருவாக்குங்கள். அதாவது ஆயிரமாவது பைட்டில் 1000 என்ற எண் இருக்கும், 1008-இல் 1008. இதை அனுப்பி, ஸ்டோரேஜிலிருந்து திரும்ப எடுத்து, எண்கள் தத்தம் இடத்தில் இருக்கின்றனவா என்று ஓடவிடுங்கள். உதாரணமாக 32,76,800 என்ற இடத்தில் 33,09,568 இருந்தால், வித்தியாசம் சரியாக 32,768. ஒரு துண்டு முன்னால் வந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்து 33,09,568-ஆவது இடத்தைப் பாருங்கள். அங்கே 32,76,800 இருந்தால் இரண்டும் இடம் மாறிவிட்டன, அது வரிசைப் பிரச்சினை. அங்கேயும் 33,09,568-தான் இருக்கிறது, 32,76,800 எங்குமே இல்லை என்றால், ஒரு துண்டின் மேல் இன்னொன்று ஏறியிருக்கிறது, அது ஸ்லைஸ் பிரச்சினை. பூஜ்யம் இருந்தால் ஓட்டை, அந்தத் துண்டு வரவே இல்லை. மூன்றுக்கும் மூன்று வேறு மருந்து. ஹேஷ் மட்டும் பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும்.

சரி, மெமரி எவ்வளவு? ஒரு கிளையன்ட், ஒரு ஃபைல், 64 கோரிக்கைகள், 32 கேபி என்றால் 2 எம்பிதான். துண்டு 255 கேபி வரை பெரிதாகும் கிளையன்ட் என்றால் 16 எம்பிக்குள். ஒழுங்காக வரிசையில் அனுப்பும் கிளையன்ட் இதைத் தாண்டவே முடியாது, ஏனென்றால் உங்கள் பதில் கிடைக்காமல் 64-ஐத் தாண்டி அடுத்ததை அனுப்ப மாட்டார். ஆனால் கவனியுங்கள், துண்டைப் பிடித்து வைத்தவுடனே "ஆச்சு" என்று பதில் கொடுத்தால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். பதில் கிடைத்ததும் அவர் மேலும் அனுப்புவார், நீங்கள் மேலும் பிடித்து வைப்பீர்கள், ஓட்டை அப்படியே இருக்கும், மெமரி ஏறிக்கொண்டே போகும். ஆகவே வெளிப்படையான ஒரு வரம்பு வேண்டும். ஃபைலுக்கு 32 எம்பி என்று வைத்தால் தாராளம்.

வரம்பு நிரம்பினால் புதிதாக வருபவரைக் காத்திருக்க வைக்கலாம். வொர்க்கர்கள் நின்றால் சாக்கெட்டிலிருந்து படிப்பது நிற்கும், எஸ்எஸ்எச் சேனலின் விண்டோ நிரம்பும், கிளையன்ட் தானாக மெதுவாவார். இந்தப் பின்னழுத்தம் நல்ல விஷயம். இதில் ஒரு பொறி உண்டு. வரம்பு நிரம்பிய நேரத்தில், எல்லோரும் எந்தத் துண்டுக்காகக் காத்திருக்கிறார்களோ அந்தத் துண்டே வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "இடம் இல்லை, காத்திரு" என்று அதையும் நிறுத்திவிட்டால் இனி யாரும் நகர முடியாது. தொடர் எல்லையில் பொருந்தும் துண்டுக்கு வரம்பு பொருந்தாது, அதை எப்போதும் உள்ளே விட வேண்டும். இதை கோடில் எழுதும்போது, வரம்புச் சோதனைக்கு முன்னால் எல்லைச் சோதனை வர வேண்டும். இரண்டு வரிகளின் வரிசை மாறினால் சர்வர் எப்போதாவது ஒருமுறை காரணம் தெரியாமல் தொங்கும்.

பஃபரே இல்லாமல், முன்னால் வந்தவரை அப்படியே தூங்க வைக்கும் முறையும் உண்டு. அதாவது ரைட்-அட் உள்ளேயே கண்டிஷன் வேரியபிளில் (யாராவது எழுப்பும்வரை தூங்க வைக்கும் வசதி) காத்திருந்து, தன் முறை வந்ததும் எழுதிவிட்டுப் பதில் தருவது. நகல் எடுக்க வேண்டாம், மெமரி வரம்பு வேண்டாம், எழுதாததற்கு "ஆச்சு" என்று சொல்லவும் வேண்டாம். கிளவுட் ஸ்டோரேஜை ஒரு டிரைவ் போலக் காட்டும் ஆர்குளோன் மவுண்ட் இப்படித்தான் செய்கிறது. டிஸ்க் கேஷ் இல்லாத நிலையில் வரிசை மாறி ஒரு ரைட் வந்தால், சரியான ரைட் வரட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருக்கிறது. வழக்கமான வரம்பு 1 நொடி, அதற்குள் வராவிட்டால் பிழை. கிளையன்ட் வரிசையாக அனுப்புகிறார், கலைப்பது எட்டு வொர்க்கர்கள் மட்டுமே என்றால், விட்டுப்போன துண்டு அந்த எட்டில் ஒருவர் கையில்தான் இருக்கும், சில மில்லிசெகண்டில் வந்துவிடும். இந்த நிலைமைக்கு நான் இதையே சிபாரிசு செய்வேன். ஆனால் கிளையன்டே எட்டுத் துண்டுகளுக்கு மேல் தள்ளி அனுப்புகிறவர் என்றால், எட்டு வொர்க்கர்களும் தூங்கிவிடுவார்கள், வர வேண்டிய துண்டு படிக்கப்படாமல் வெளியே நிற்கும். அங்கே கடிகாரம்தான் காப்பாற்ற வேண்டும்.

கடிகாரம் பற்றி ஒரு வார்த்தை. ஒரே இணைப்பில் வரும் ஃபைலுக்கு ஓட்டை நீடிக்கிறதென்றால், அது நெட்வொர்க்கில் தொலைந்ததால் இருக்க முடியாது. தொலைந்திருந்தால் பின்னால் உள்ளவையும் வந்திருக்காது. ஆகவே ஒரு நொடி நியாயமான வரம்பு. ஒரே ஃபைலைப் பல இணைப்புகளில் துண்டு போட்டு அனுப்பும் கருவியைக் குழு பயன்படுத்தினால் அந்த நியாயம் செல்லாது. ஒரு இணைப்பு மட்டும் தடுமாறி, மறு அனுப்பலின் காத்திருப்பு 1, 2, 4 நொடி என்று இரட்டித்துக்கொண்டே போகலாம், மற்ற இணைப்புகள் பாட்டுக்கு முன்னே ஓடிக்கொண்டிருக்கும். அந்த நிலைமையில் ஒரு நொடியில் பிழை கொடுத்தால் மலையிலிருந்து ஒரு ஃபைலும் ஒழுங்காக வந்து சேராது. அங்கே நேரத்தை விட அளவைக் கொண்டு வரம்பு கட்டுங்கள், இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்பதைத் தனியாகப் பாருங்கள்.

இனி, தொடர் எல்லைக்குப் பின்னால் வரும் ரைட். முடிந்த ஃபைலை இழுத்துப் போடும் சாதாரண அப்லோடில் இது வராது. எடிட்டிங் சாஃப்ட்வேரிலிருந்து, மவுண்ட் செய்த டிரைவுக்கே நேராக எக்ஸ்போர்ட் செய்தால் வரும். எம்பி4 எழுதும் நிரல் படத்தையும் ஒலியையும் எழுதி முடிக்கும்வரை அந்தப் பகுதியின் நீளம் தெரியாது. முடிந்ததும் ஆரம்பத்துக்குத் திரும்பிப் போய் நீளத்தை நிரப்பும். வேவ் ஒலிக் கோப்பின் தலைப்பும் அப்படித்தான். வீடியோ மாற்றும் நிரலான எஃப்எஃப்எம்பெக்கில் ஃபாஸ்ட்ஸ்டார்ட் விருப்பத்தைப் போட்டால் இன்னும் ஒரு படி மேலே போய், அட்டவணையை முன்னுக்குக் கொண்டுவர இரண்டாம் முறை முழுத் தரவையும் நகர்த்தி எழுதும். எவ்வளவு பெரிய வரிசைப்படுத்தும் பஃபரும் இதைச் சமாளிக்காது, ஏனென்றால் இதில் வரிசை கலையவே இல்லை; நிரல் வேண்டுமென்றே பின்னால் போகிறது. இதற்குச் சத்தமாகப் பிழை கொடுப்பதே நேர்மை. பேசாமல் ஏற்றுக்கொண்டு தூக்கிப் போட்டால், ஓடாத கல்யாண வீடியோ ஒன்று பத்திரமாக இருப்பதாக அவர்கள் நம்பிக்கொண்டிருப்பார்கள், மெமரி கார்டையும் அழித்துவிடுவார்கள். குழுவிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: இழுத்துப் போடுகிறீர்களா, நேராக எக்ஸ்போர்ட் செய்கிறீர்களா?

முழு வரிசை தேவையே இல்லாமல் போகலாம் என்று மேலே சொன்னேன் அல்லவா. ஃபைலைப் பகுதி பகுதியாக ஏற்றும் எஸ்3 மல்டிபார்ட் அப்லோடில் ஒவ்வொரு பார்ட்டுக்கும் 1 முதல் 10,000 வரை ஒரு எண் உண்டு. பார்ட்டுகளை எந்த வரிசையிலும், எத்தனை இணைப்பிலும் ஏற்றலாம். சேர்ப்பது எண் வரிசையில்தான். ஆகவே பார்ட்டின் அளவை நிலையாக வைத்துக்கொண்டு, ஆஃப்செட்டை அந்த அளவால் வகுத்தால் எந்தத் துண்டு எந்தப் பார்ட்டில் சேரும் என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு பார்ட்டுக்கும் ஒரு பஃபர், அதில் எந்த இடங்கள் நிரம்பின என்ற குறிப்பு. முழுவதும் நிரம்பியதும் ஏற்றிவிட்டு பஃபரை விடுவியுங்கள். வரிசை எப்படிக் கலைந்தாலும் உங்களுக்குக் கவலை இல்லை, ஒரே நேரத்தில் திறந்திருக்கும் பார்ட்டுகளின் எண்ணிக்கைக்கு மட்டும் வரம்பு வேண்டும். பார்ட்டின் அளவைத் தேர்ந்தெடுப்பதில் அவசரப்படாதீர்கள். கடைசிப் பார்ட்டைத் தவிர மற்றவை குறைந்தது 5 எம்பி இருக்க வேண்டும்; 5 எம்பியையே வைத்தால் 10,000 பார்ட்டில் 49 ஜிபிக்குச் சற்றுக் குறைவாக நின்றுவிடும். கல்யாண ஷூட்டின் மூல ஃபைல்களை டார் எனப்படும் ஒரே ஃபைலாகக் கட்டி அனுப்பினால் சுலபமாக அதைத் தாண்டும். 16 எம்பி வைத்தால் 156 ஜிபி வரை போகும், நான்கு பார்ட் திறந்திருந்தாலும் 64 எம்பிதான் மெமரி.

இதிலேயே இன்னொரு லாபம், முதல் பார்ட்டை மட்டும் ஏற்றாமல், ஃபைலை மூடச் சொல்லும் க்ளோஸ் கோரிக்கை வரும்வரை கையில் வைத்துக்கொண்டால், எம்பி4 தலைப்பைத் திருத்தும் அந்தப் பின்னோக்கிய ரைட்டும் அதில் வந்து உட்கார்ந்துவிடும். ஃபாஸ்ட்ஸ்டார்ட்டுக்கு இது உதவாது, சாதாரண எக்ஸ்போர்ட்டுக்கு உதவும். இந்த வழியில் போனால் ஓடிக்கொண்டே ஷா-256 போட முடியாது, அதற்கு வரிசை தேவை. முடிந்த பிறகு திரும்பப் படித்துப் போட வேண்டும். நீங்களே என்கிரிப்ட் செய்தும் ஏற்றுகிறீர்கள் என்றால் அதற்கும் பெரும்பாலும் வரிசை வேண்டும்.

க்ளோஸ் கோரிக்கைக்குப் பதில் சொல்வதில் மிகவும் கவனமாக இருங்கள். ரைட்டுக்குக் கொடுக்கும் "ஆச்சு" அது நிலையான இடத்துக்குப் போய்விட்டது என்ற உறுதி இல்லை, கிளையன்டும் அப்படி எதிர்பார்ப்பதில்லை. க்ளோஸுக்குக் கொடுக்கும் பதில்தான் உங்கள் கடைசி வாய்ப்பு. அதற்கு முன் எல்லாப் பார்ட்டும் ஏறியிருக்க வேண்டும், ஓட்டை எதுவும் இல்லை என்று நீங்களே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். ஸ்டோரேஜ் உங்களுக்காக இதைப் பார்க்கும் என்று நினைக்காதீர்கள். முடித்துவைக்கும் அழைப்பில் பார்ட் எண்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை. 6, 8 என்று கொடுத்தால் 7 இல்லாமலே ஒட்டிக் கொடுத்துவிடும்.

பாதியில் அறுந்தால்? ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் காரில் இறங்கிக்கொண்டே அப்லோடு ஓடவிடும் பழக்கம் உங்கள் குழுவுக்கு இருப்பதாக எழுதியிருந்தீர்கள், அதனால் இது தினசரி நடக்கும். அறுந்த நேரத்தில் மிதந்துகொண்டிருந்த கோரிக்கைகளில் எவை எழுதப்பட்டன, எவை இல்லை என்று கிளையன்டுக்குத் தெரியாது. அவர் திரும்ப வந்து ஃபைலின் அளவைக் கேட்டு, அங்கிருந்து தொடர்வார். நீங்கள் சொல்லும் அளவு, வந்ததில் மிகப் பெரிய ஆஃப்செட்டாக இருந்தால், நடுவில் உள்ள ஓட்டை நிரந்தரமாகிவிடும். தொடர் எல்லையைத்தான் அளவாகச் சொல்ல வேண்டும். ஓப்பன்எஸ்எஸ்எச்சின் கிளையன்ட் டவுன்லோடில் இதையே செய்கிறது: பதில்கள் வரிசை மாறி வந்து, நடுவில் பிழையோ தடங்கலோ ஏற்பட்டால், உள்ளூர் ஃபைலைத் தொடர்ச்சியாக வந்த எல்லையில் வெட்டிவிடும், அதற்கு மேல் வந்த நல்ல பைட்டுகளும் போகட்டும் என்று. கோ லைப்ரரியின் கிளையன்ட் பக்கத்தில் இணையாக எழுதும் விருப்பம் தானாக இயங்காமல் அணைத்து வைக்கப்பட்டிருப்பதற்கும் காரணம் இந்த ஓட்டைதான். அதை இயக்குபவர், பிழை வந்தால் ஃபைலைத் தானே வெட்டிச் சரிசெய்ய வேண்டியிருக்கலாம் என்று ஆவணத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது.

இத்தனையும் சொன்ன பிறகு உங்கள் ஸ்டுடியோவுக்கு நான் எதைத் தேர்ந்தெடுப்பேன் என்றால், டிஸ்க். சர்வரில் ஒரு எஸ்எஸ்டி போட்டு, வரும் துண்டுகளை அதனதன் ஆஃப்செட்டில் ஒரு தற்காலிக ஃபைலில் எழுதுங்கள். வரிசையும் பின்னோக்கிய ரைட்டும் ஃபாஸ்ட்ஸ்டார்ட்டும் ஒன்றும் உங்களைத் தொடாது. க்ளோஸ் ஆனதும் ஹேஷ் போட்டு, வரிசையாக ஸ்டோரேஜுக்கு ஏற்றி, சரிபார்த்துவிட்டு தற்காலிகத்தை அழியுங்கள். கல்யாண முகூர்த்த நாட்களில் எத்தனை குழுக்கள் ஒரே நேரத்தில் அனுப்புமோ அத்தனை பெரிய ஃபைல்களுக்கு இடம் இருந்தால் போதும். ஓட்டை மட்டும் இங்கேயும் உண்டு: எழுதப்படாத இடத்தைப் படித்தால் ஃபைல்சிஸ்டம் பூஜ்யங்களைக் கொடுக்கும், புகார் சொல்லாது. ஆகவே எந்தெந்தப் பகுதி வந்தது என்ற குறிப்பு இங்கேயும் வேண்டும். டிஸ்க்கே இல்லாத சின்ன கன்டெய்னரில்தான் ஓட்டியாக வேண்டும் என்றால் மட்டும் பார்ட் முறைக்குப் போங்கள். முழு ஸ்ட்ரீமையும் வரிசைப்படுத்தும் முறைக்கு, என்கிரிப்ஷன் போன்ற காரணம் இருந்தால் மட்டும் போங்கள்.

எந்த வழியில் போனாலும் சோதனையை நல்ல லைனில் செய்யாதீர்கள், லைன் இல்லாமலே செய்யுங்கள். மேலே சொன்ன எண் ஃபைலைக் கண்டபடி நீளங்களில் வெட்டி, 64 துண்டு ஜன்னலுக்குள் கலைத்து, எட்டு கோருட்டீன்களிலிருந்து (கோ மொழியில் இணையாக ஓடும் வேலைகள்) ரைட்-அட்டை அழையுங்கள். ஒவ்வொரு அழைப்பும் திரும்பியதும் அந்த ஸ்லைஸைக் குப்பையால் நிரப்புங்கள், ஸ்லைஸைப் பிடித்து வைக்கும் பிழை இருந்தால் முதல் ஓட்டத்திலேயே மாட்டிக்கொள்ளும். ஒரு துண்டை வேண்டுமென்றே தராமல் விட்டு, சர்வர் தொங்குகிறதா, பிழை கொடுக்கிறதா என்று பாருங்கள். ஒரே நினைவகத்தில் இருவர் மோதிக்கொள்வதைக் கண்டுபிடிக்கும் ரேஸ் டிடெக்டரை இயக்கியே ஓட்டுங்கள்.

மல்டிபார்ட் வழியை எடுத்தால், ஸ்டோரேஜில் ஃபைல்களை வைக்கும் பக்கெட்டில் ஒரு விதியையும் போட்டுவிடுங்கள்: முடிக்கப்படாத அப்லோடுகள் சில நாட்களில் தானாக நீக்கப்பட வேண்டும் என்று. பாதியில் அறுந்தவற்றின் பார்ட்டுகள் ஃபைல் பட்டியலில் தெரியாது, ஆனால் நீக்கும்வரை அவை பிடித்திருக்கும் இடத்துக்கு மாதாமாதம் பில் வரும்.